நாலடி முன்னால் நின்ற வீடு

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் நகரசபை ஆபீஸில் நான் பார்த்த வேலை முடிந்துவிட்டது. யுத்தத்துக்குப் போன குமாஸ்தாக்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் நாற்காலியில் அதுவரை உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஆளுக்கொரு மாலையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மாலை போட்டு அனுப்பினால் அதற்குப் பெயர் ஓய்வுதானே?

இப்போது அதே ஆபீஸில், அதே கட்டடப் பிரிவில், விசாலம் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், கட்டட விதிகளை எல்லாம் புதிதாகத் திருத்தி எழுதப்போகிறார்கள் என்று சொன்னாள். பிறகு, "ஏனுங்கக்கா, அந்த செக்‌ஷன்ல அப்படி என்னதான் இருக்குது? எல்லாம் அடிக்கணக்குத்தானுங்களே?" என்று கேட்டாள். அடிக்கணக்குத்தான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா சின்னப்பன், அம்மா, சித்தப்பாக்கள் எல்லோருக்கும் தறிதான். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் தெருவில் வந்து பிள்ளை கேட்டபோது நான் முந்திக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேனாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் தம் வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். அங்கே போய் அதையும் கற்றேன். யுத்தம் வந்தது; ஆபீஸில் ஆள் இல்லை; என்னை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் 'பழனியம்மாள்' என்று கையெழுத்துப் போட்டபோது அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான் பார்ப்பேன்.

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. சேலம் ஜில்லாவில் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் எத்தனையோ, அவற்றில் ஒன்று.

கட்டடப் பிரிவு வேலை இப்படி நடக்கும். வீடு கட்டுகிறவர் வரைபடத்தோடு மனுப் போடுவார். ஓவர்சீர் போய் அளந்து அறிக்கை எழுதுவார். புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள் தெருக்கோட்டிலிருந்து இவ்வளவு இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது விதி. அப்படி இடம் விட முடியாதவர்கள் விலக்குக் கேட்டு இன்னொரு மனுப் போடலாம். அந்த மனுவின் நகலை அவர்கள் வீட்டுச் சுவரிலும் ஆபீஸ் பலகையிலும் ஒட்டுவோம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம். கெடு முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டட உபகமிட்டி முன் வைப்போம். உபகமிட்டியில் நகரசபை அங்கத்தினர்கள் நாலைந்து பேர். பருத்தி மண்டி வைத்திருந்த ஒரு கவுண்டர்தான் தலைவர். எல்லோரும் சாயங்காலம் மண்டியைச் சாத்திவிட்டு வருவார்கள். இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் அந்தச் சாயங்காலத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் மானேஜர். ஆத்தூர்க்காரர். கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிக்கவும் மாட்டார். யார் என்ன சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சொன்னதை ஒரு முறை தாமே திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். பிறகு, "அப்படின்னா?" என்பார். பேச்சுக்குச் சொன்னது, கோபத்தில் சொன்னது, கேலிக்குச் சொன்னது என்ற பாகுபாடே அவரிடம் இல்லை. எல்லா வார்த்தையும் அவருக்கு மெய்யான வார்த்தை.

காபி ஹோட்டல்காரர் ஒருவர் படிக்கட்டைச் சாக்கடை மேல் இழுத்துக் கட்டிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என்ர படிக்கட்டு தெருவுக்கு வரலீங்க. உங்க தெருதான் என்ர படிக்கட்டுக்கு அடியில வந்து பூந்துக்கிச்சு" என்றார். ஆபீஸே சிரித்தது. மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "தெருதான் படிக்கட்டுக்கு அடியில வந்தது. அப்படின்னா?" உண்மையிலேயே பழைய அளவைப் படத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். அந்த இடத்தில் தெரு ஒரு காலத்தில் ஒடுங்கலாக இருந்து, சாக்கடை போட்டபோதுதான் அகலமாகியிருந்தது. படிக்கட்டின் கீழ்ப்பாதி அதற்கும் முந்தியது. ஹோட்டல்காரருக்கே அது தெரியாது. தம் பொய் பலித்ததைப் பார்த்து அவர் அரண்டுபோனார்.

மானேஜரை நான் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். மாரப்பன் வீட்டு மனு வந்தது அதற்குப் பிறகு.

மாரப்பன் எங்கள் தெருக்காரர். எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே வரிசையாக நிற்க, அவர் வீடு மட்டும் நாலடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் விதி வந்த பிறகு இடம் விட்டுக் கட்டிக்கொண்டார்கள். அவர் வீடு பழைய மண்சுவர், தொட்டால்தானே விதி? ஐப்பசி மழை தொட்டுவிட்டது. முன்சுவர் இரண்டு நாள் நனைந்து, மூன்றாம் நாள் இரு பக்கச் சுவர்களின் முனைகளையும் இழுத்துக்கொண்டு தெருவில் படுத்துவிட்டது.

புதிதாகச் சுவர் எழுப்ப வேண்டும். இடம் விட்டுக் கட்டினால் முன்னறை நாலடி குறையும். பின்னால் தள்ளிக்கொள்ள வழியில்லை, கோவில் மதில். குழித்தறி போட்டவர்களுக்குத் தெரியும்: குழி ஒரு பக்கம், அங்கிருந்து பாவு, அதாவது நீளவாக்கு நூல், நீண்டு போய் எதிர்ச்சுவர்ப் பக்கம் கட்டுப்பட வேண்டும். அந்த நீளம் இல்லாவிட்டால் தறி இல்லை. அது நூல் கட்டுப்பாட்டுக் காலம். தறி ஓடுகிற வீட்டுக்குத்தான் நூல் கார்டு. தறி நின்றால் கார்டு போகும். மாரப்பன் யாராவது முதலாளி கொட்டகையில் கூலிக்கு உட்கார வேண்டும். மழை பெய்த நாளிலிருந்து அவர் தறியை உள்ளே ஒடுக்கிக் கட்டி, ஓலைத் தட்டி மறைப்பில் அரைகுறையாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனு அவர் பெயரில் வந்தது. கொண்டுவந்தது அவர் மனைவி நல்லம்மாள். மாரப்பன் பேசாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து நல்லம்மாள் பேசுவாள்.

"ஏஞ்சாமி, நீ நம்ம சின்னப்பன் மகதான? என்ன இப்படி மேசைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்ட? இந்தா, இதை முத்திரை குத்தி வாங்கிக்க கண்ணு. குத்தறதை நல்லா அழுத்திக் குத்து."

அழுத்திக் குத்தினேன்.

மனுவை ஒட்டினோம். கெடு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்:

"ஏன் பழனி, மாரப்பன் மனு உங்க ஆபீசுக்கு வந்திருச்சாமா?"

"ஆபீஸ் விசயத்தை ஊட்டுல பேசக் கூடாதுங்கப்பா."

"பேசாட்டிப் போ. அது தள்ளுபடி ஆனா நல்லதுன்னு நான் சொல்லலை." ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, "ஆனா நல்லதுதான்" என்றார்.

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "பக்கத்து ஊட்டுக்காரன் குடி கெட்டா நல்லதா?" என்றாள்.

"நான் குடியைச் சொன்னனா? சுவத்தைச் சொன்னேன்."

அதிலிருந்து எனக்குள் ஒரு குறுகுறுப்பு. தெருவில் யாரைக் கேட்டாலும் 'பாவம் மாரப்பன்' என்றார்கள். அதே மூச்சில், 'கட்டட ஆபீஸ்ல கண்டிசனா இருப்பாங்களாமே?' என்று என்னிடம் கேட்டார்கள். கேட்கும்போது முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. ஆட்சேபணை மட்டும் யாரும் எழுதித் தரவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் மேல் ஒருவர் காகிதம் எழுதுவது என்றால் அது ஜென்மப் பகை, கை வராது. ஆசை இருக்கிறது, காகிதம் இல்லை. எதற்காக இந்த ஆசை?

மறுநாள் விடிகாலையில் வாசலில் நின்று பார்த்ததும் விளங்கிற்று. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கட்டடப் பிரிவுக் கண்ணால் பார்த்தேன்.

நெய்வதற்கு முன் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். அதற்கென்றே ஊரில் பாவடி என்று ஒரு பொட்டல் உண்டு. யுத்தம் வந்ததும் அதில் தானியக் கிடங்கு கட்டிவிட்டார்கள். ஆகவே எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம். தெருவின் ஒரு பாதி வண்டிக்கு விட்டாக வேண்டும். வீட்டோரப் பாதிதான் பாவுக்கு. மாரப்பன் வீடு நீட்டிக்கொண்டிருந்தவரை பாவு அங்கே முட்டி நின்றுவிடும். கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாகத்தான் போட முடியும். சுவர் விழுந்த பிறகு முதல் தடவையாக, முழு நீளப் பாவு ஒரே நேர்கோட்டில் தெருக்கோடி வரை போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு உயரத்தில், குறுக்குக் கழிகளின் மேல், விடிகிற வெளிச்சத்தில் அது அலையில்லாத தண்ணீர் மாதிரி நின்றது. அதில் கஞ்சி தேய்த்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்தவர் என் அப்பா. ஒரு வேளையில் முடிகிற வேலை. முன்பு இரண்டு மூன்று நாள் இழுக்கும்.

அந்தப் பாவு மாரப்பன் வீட்டு இடிந்த அடிச்சுவரின் மேலாகத்தான் போயிற்று. நல்லம்மாள் ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெடு முடிந்தது. உபகமிட்டி கூடியது. ஓவர்சீர் படத்தை விரித்தார். அவர் அளக்கப் போனது நடுப்பகல். படத்தில் தெரு காலியாக இருந்தது. "அகலமான தெரு. போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை" என்று எழுதியிருந்தார். கவுண்டர், "சாயங்காலம் நானுங்கூட ஒரு எட்டுப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். கோழிதான் மேஞ்சுட்டிருக்குது. குடுத்துப்போடலாம்" என்றார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

மானேஜர் வழக்கப்படி என்னைக் கேட்டார்: "ஆட்சேபணை?"

"எழுத்தில் இல்லைங்க சார்."

கண்ணாடி கழன்றது. "எழுத்தில் இல்லை. அப்படின்னா?"

அந்த இடத்தில், 'ஆட்சேபணை இல்லை' என்று மட்டும் நான் சொல்லியிருக்கலாம். மாரப்பனுக்கு அன்றைக்கே விலக்குக் கிடைத்திருக்கும். அப்பாவுக்கு வழி போயிருக்கும். ஆபீஸ் வேலையில் கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில் சொல்வது என்று வைத்திருந்தேன். அது யாருக்குச் சாதகம் என்று பார்த்து மாற்ற எனக்கு இஷ்டமில்லை. "விடிகாலையில் ஒரு தடவை பார்த்தால் தெரியுமுங்க சார். அந்தத் தெருவில் எங்கள் வீடும் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

அந்த உபகமிட்டி ஒரு தெருவை விடிகாலையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கவுண்டர் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார். தெருக்கோடியில் நின்று பாவைப் பார்த்தார், மாரப்பன் வீட்டு அடிச்சுவரைப் பார்த்தார், "அடடா" என்றார். சுவர் வந்தால் ஒரு தெருவுக்கே இடைஞ்சல், வராவிட்டால் ஒரு வீட்டுக்குத் தறியில்லை. கண்ணெதிரில் இரண்டும் இருந்தன. கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நல்லம்மாளுக்குத் தாங்கவில்லை.

"ஏன் எல்லாரும் ஊமையாட்ட நிக்கறீங்க? காகிதத்துல எழுதத் தெகிரியமில்ல, வாயிலயாவது சொல்லுங்க! என்ர ஊடு நின்ன எடத்துல உங்களுக்குப் பாவு ஓடோணும், அதானே?"

"கொஞ்சம் பொறுங்க அம்மிணி" என்றார் கவுண்டர்.

"பொறுத்து என்னங்க பண்றது? அத்தனை ஆசையா இருந்தா ஊட்டுக்குள்ளயே ஓட்டிக்குங்க! அடுப்பைச் சுத்தி ஒரு சுத்துச் சுத்திக்கூட ஓட்டிக்குங்க, யாரு வேண்டாங்கறது!"

தெரு சிரித்தது. என் அப்பா சத்தமாகவே சிரித்தார். மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுக்குள்ளயே ஓட்டிக்கலாம்." சொல்லிப் பார்த்தார். "எந்த உயரத்துலம்மா?"

"என்னதுங்க?"

"பாவு. எந்த உயரத்துல ஓட்டிக்கலாம்னு சொல்றீங்க?"

தன்னைக் கேலி செய்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "உங்க மூக்கு உசரத்துல ஓட்டுங்க!"

மானேஜர் தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கையை அப்படியே பாவுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அது அதிகம். தேய்க்கிற கை கடுக்கும். நெஞ்சு உயரம் போதும்" என்றவர், ஓலைத் தட்டியை விலக்கி உள்ளே தறியைப் பார்த்தார். "உங்க தறிப் பாவு எந்த உயரத்துல போகுது?"

பதில் சொன்னது மாரப்பன். அவர் குரலை அன்றைக்குத்தான் பலர் கேட்டார்கள். "முழங்கால் உசரமுங்க."

முழங்கால் உயரத்தில் ஒன்று வடக்கு நோக்கி. நெஞ்சு உயரத்தில் ஒன்று கிழக்கு நோக்கி. ஒன்றை ஒன்று தொடாது. சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் மனத்துக்குள் அந்த வீட்டைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்: நீட்டிக்கொண்டிருக்கிற நாலடிக்கு இரு பக்கச் சுவரிலும் நேருக்கு நேர் அகலமான ஜன்னல்; பாவு ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும்.

"நான் கோவத்துல சொன்னதுங்க" என்றாள் நல்லம்மாள்.

"கோவத்துல சொன்னாலும் நல்லாத்தான் சொல்லிப்போட்ட" என்றார் மாரப்பன். அது அன்றைக்கு அவருடைய இரண்டாவது பேச்சு.

ஆபீஸுக்குத் திரும்பித் தீர்மானம் எழுதுவது லேசாக இல்லை. எந்த விதியின் கீழ் எழுதுவது என்று கவுண்டர் தலையைச் சொறிந்தார். ஜன்னலுக்குக் கம்பி கூடாது, மரக்கதவு போட வேண்டும், விரித்த பாவுக்குப் போதுமான அகலம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. திறந்து வைக்கும் நேரம் என்று வந்தபோது மானேஜர் 'காலை ஏழு மணி வரை' என்றார். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "பாவு காயும் வரை என்று போடலாமுங்க சார்" என்றேன்.

"அப்படின்னா எத்தனை மணி?"

"வெயிலைப் பொறுத்ததுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "வெயிலை யார் சரிபார்க்கிறது?"

"பாவு வச்சிருக்கிறவங்க பாத்துக்குவாங்க சார்."

'பாவு காயும் வரை' என்ற அந்த மூன்று சொற்கள் தீர்மானத்தில் இருக்கின்றன. அவை என்னுடையவை. கடைசி நிபந்தனை கடுமையானது: ஜன்னலைத் திறக்க மறுத்தால் விலக்கு ரத்து, முன்பகுதியை இடித்துவிட வேண்டும். மாரப்பன் கைநாட்டு வைக்கும்போது பக்கத்தில் நின்ற நல்லம்மாள், "கோர்ட்டுல கைதிக்குக்கூட இத்தனை கண்டிசன் இருக்காது" என்றாள்.

தை மாதம் வீடு எழும்பியது. மாரப்பன் தறியை முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டினார். நூல் கார்டு நிலைத்தது. இனி அந்த ஜன்னல் திறக்குமா என்பதுதான் தெருவின் பேச்சு. திறக்காவிட்டால் வீடு போகும் என்பது நல்லம்மாளுக்குத் தெரியும். அவள் கோபத்தின் அளவு எங்களுக்குத் தெரியும்.

முதல் முழுப் பாவு அப்பாவுடையது. கருக்கலில் கிழக்குக் கோடியில் கட்டி, பாவு உருண்டையைப் பிரித்துக்கொண்டே மாரப்பன் வீட்டுச் சுவர் வரை வந்துவிட்டார். ஜன்னல் சாத்தியிருந்தது. கஞ்சிச் சட்டி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை. "நீ போய்ச் சொல்லு பழனி, நீதான ஆபீசு" என்றார் அப்பா. "ஆபீஸ் பத்து மணிக்குத்தானுங்கப்பா" என்றேன். பாவு அவருடையது, கேட்க வேண்டியவர் அவர்தான்.

கடைசியில் அவரே போய் ஜன்னலண்டை நின்றார். சுவர் விழுந்த நாளிலிருந்து அவர் அந்த வீட்டாரோடு பேசியதில்லை.

"நல்லம்மா, கதவைத் தெறங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "யாருங்க?"

"சின்னப்பனுங்க."

"எந்தச் சின்னப்பனுங்க? தெருவுல நின்னு சிரிச்சாரே, அவருங்களா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவர்தானுங்க."

"என்ன வேணும்ங்க?"

"உங்க ஊட்டுல வழி வேணுமுங்க."

கதவு திறந்தது. நல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். கையை நீட்டிப் பாவு உருண்டையை வாங்கி, அறையைக் கடந்து போய், எதிர் ஜன்னல் வழியாக மேற்கே நின்றவர்களிடம் கொடுத்தாள். பாவு இறுகி நின்றது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாவு எந்த வீட்டு முன்னால் போகிறதோ, அந்த இடத்தில் அறுந்த இழைகளை அந்த வீட்டார் முடிந்து கொடுப்பார்கள். வீட்டுக்குள் போகிற பாவுக்கு என்ன வழக்கம்? அது எங்கும் இல்லாதது. அப்பா கஞ்சி தேய்த்துக்கொண்டே ஜன்னல் வரை வந்தார். உள்ளே ஏழெட்டு இழை அறுந்து தொங்குவது தெரிந்தது. வாசல் பக்கமாக உள்ளே நுழையக் காலை எடுத்து வைத்தார்.

"அங்கியே நில்லுங்க" என்றாள் நல்லம்மாள். "வெளிய இருக்கறதை நீங்க பாருங்க. ஊட்டுக்குள்ள இருக்கறதை நான் பாத்துக்கிறேன்."

அப்பா நின்றார். தம் பாவின் ஒரு பகுதியைத் தாம் பார்க்க முடியாமல் நின்றது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். உள்ளே அவள் குனிந்து ஒவ்வொரு இழையாக எடுத்து முடிந்தாள். எச்சில் தொட்டு முறுக்கினாள். அவசரப்படவில்லை. அப்பா சுற்றிக்கொண்டு மேற்கு ஜன்னலுக்குப் போய், பாவு வெளியே வரும் இடத்தில் விரல்களை விரித்து வைத்துப் பார்த்தார். ஓர் இழைகூடத் தொங்கவில்லை. பிறகு கஞ்சி தேய்த்துக்கொண்டு தெருக்கோடிப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு பாவு போடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு மாரப்பன் வீட்டு வாசலுக்குப் போவார். "நாளைக்கு உங்க ஊட்டுல வழி வேணுமுங்க" என்று கேட்பார். "வாங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்புவார். பார்த்துப் பார்த்துத் தெருவில் எல்லோரும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள். நான் டைப் அடித்த தீர்மானத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.